டோபமைனை ஏற்றினால் மனமும் கவனமும் சீராகுமா?

கேள்வி: எனக்கு நோய் எதுவும் இல்லை. ஆனால் சில வாரங்களாகக் காலையில் எழுந்தால் எதிலும் நாட்டம் வருவதில்லை. சேர்ந்தாற்போல் பத்துப் பக்கம் படிக்க முடியவில்லை. டோபமைன் குறைந்துவிட்டது, அதை ஏற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். ஆரோக்கியமான ஒருவரின் மனநிலையையும் கவனத்தையும் டோபமைன் அளவு உண்மையிலேயே தீர்மானிக்கிறதா? அந்த அளவைப் பரிசோதித்துத் தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்:

டோபமைன் என்பது நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் இரசாயனங்களில் ஒன்று. கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். முடியாது. உங்கள் மூளையில் டோபமைன் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லக்கூடிய பரிசோதனை எந்த ஆய்வகத்திலும் இல்லை. இரத்தத்திலும் சிறுநீரிலும் டோபமைனை அளக்கலாம். அட்ரீனல் சுரப்பியைச் சார்ந்த சில கட்டிகளைக் கண்டறிய மருத்துவர்கள் அப்படி அளப்பதும் உண்டு. ஆனால் உடலில் ஓடும் டோபமைன் வேறு, மூளைக்குள் இருக்கும் டோபமைன் வேறு. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே இருக்கும் தடுப்பை டோபமைன் தாண்டுவதில்லை. குளிர்ந்த நீரில் அமர்ந்தால் டோபமைன் 250 சதவீதம் கூடுகிறது என்ற செய்தியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த எண் மெய்தான். 2000-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், 14 டிகிரி நீரில் ஒரு மணி நேரம் கழுத்துவரை அமர்ந்திருந்தவர்களிடம் அது பதிவானது. ஆனால் அளந்தது இரத்தத்தில். அதை வைத்து மூளையைப் பற்றி ஒன்றும் சொல்ல இயலாது.

ஆராய்ச்சிக்கூடங்களில் பெட் ஸ்கேன் என்ற முறை இருக்கிறது. டோபமைனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளில் ஒட்டக்கூடிய, மிகச் சிறிதளவு கதிரியக்கம் கொண்ட ஒரு பொருளை ஊசியில் செலுத்துவார்கள். மூளையில் டோபமைன் வெளியானால் அது அந்தப் பொருளைத் தள்ளிவிட்டு ஏற்பியில் தான் அமர்ந்துகொள்ளும். எவ்வளவு தள்ளப்பட்டது என்பதிலிருந்து எவ்வளவு வெளியாகியிருக்கும் என்று கணக்கிடுவார்கள். குழுக்களை ஒப்பிட்டுப் பார்க்க இது அருமையான கருவி. ஒரு தனிமனிதரைப் படுக்கவைத்து, ‘உங்களுக்கு இவ்வளவு இருக்கிறது, இவ்வளவு இருக்க வேண்டும்’ என்று சொல்ல இது உதவாது. அப்படி ஓர் இயல்பளவு இன்றுவரை வகுக்கப்படவே இல்லை.

வகுக்கப்படாததற்குக் காரணம் உண்டு. டோபமைனைத் தொட்டியில் நிற்கும் நீராக நினைத்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. டோபமைனைச் செய்பவை அவற்றில் சில லட்சம் மட்டுமே. பெரும்பாலும் நடுமூளையில் நெருங்கி அமர்ந்து, நீண்ட கிளைகளை வெவ்வேறு பகுதிகளுக்கு அனுப்புகின்றன. ஒரு கிளைக்கூட்டம் ஸ்ட்ரையாட்டம் என்ற உட்பகுதிக்குச் சென்று அசைவையும் பழக்கத்தையும் முனைப்பையும் கவனித்துக்கொள்கிறது. இன்னொன்று நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்புறணிக்குச் சென்று கவனத்திலும் நினைவிலும் தலையிடுகிறது. ஹைப்போதலமஸ் பகுதியிலிருந்து கிளம்பும் வேறொரு சிறு கூட்டம் பிட்யூட்டரி சுரப்பியில் பால்சுரப்பு ஹார்மோனை அடக்கிவைக்கிறது. ஓரிடத்தில் டோபமைன் கூடும் அதே நேரத்தில் இன்னோரிடத்தில் குறையலாம். அதோடு இந்த அணுக்கள் இருவிதமாக வேலை செய்கின்றன: விநாடிக்கு நான்கைந்து முறை மெதுவாகத் துடித்துக்கொண்டே இருப்பது ஒன்று, ஏதாவது நிகழும்போது திடீரெனச் சில துடிப்புகளைக் கொத்தாக வெளியிடுவது மற்றொன்று. இவற்றில் எதை ‘அளவு’ என்பது? ஏற்பிகளும் ஐந்து வகை, டி1 முதல் டி5 வரை. ஒவ்வொன்றின் விளைவும் வேறு.

இனி மனநிலைக்கு வருவோம்.

டோபமைனுக்கு ‘இன்ப இரசாயனம்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்ட கதை நீளமானது. 1950-களின் இறுதியில் ஸ்வீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன், மருந்து கொடுத்து மூளையின் டோபமைனை வற்றச்செய்த முயல்கள் அசையாமல் கிடப்பதையும், டோபமைனின் முன்பொருளான எல்-டோபாவைச் செலுத்தியதும் அவை எழுந்து நடமாடுவதையும் காட்டினார். பார்க்கின்சன் நோய்க்கான சிகிச்சை அங்கிருந்துதான் பிறந்தது. 2000-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அதில் இன்பத்துக்கு இடமே இல்லை. அது அசைவின் கதை. இன்பம் வேறு வழியாக வந்தது. 1954-இல் ஓல்ட்ஸும் மில்னரும் எலிகளின் மூளையில் மின்முனை பதித்தபோது, அந்த மின்தூண்டலுக்காக எலிகள் ஓயாமல் நெம்புகோலை அழுத்தின. அந்தத் தூண்டலின் வழித்தடங்களில் டோபமைனுக்குப் பெரிய பங்கிருப்பது பின்னர் தெரியவர, டோபமைன்தான் இன்பம் என்ற முடிவு வேரூன்றியது. 1982-இல் அந்தக் கருத்தைக் கோட்பாடாக வடித்த ராய் வைஸ், பிற்காலத்தில் தாமே அதைக் கைவிட்டார். அவர் கைவிட்ட கருத்தை உலகம் இன்னும் கைவிடவில்லை. அதுதான் வருத்தம்.

அவரை மாற்றியது எது? கென்ட் பெரிட்ஜும் அவருடைய கூட்டாளிகளும் எலிகளின் டோபமைன் நரம்புகளை ஏறத்தாழ முழுவதுமாக அழித்துப் பார்த்தார்கள். அந்த எலிகள் உணவைத் தேடிப் போகவில்லை, எதிரில் வைத்தாலும் தாமாக உண்ணவில்லை, பட்டினியாகவே கிடந்தன. ஆனால் நாக்கில் சர்க்கரைக் கரைசலை விட்டதும், எந்த எலியும் காட்டும் அதே சுவைக்கும் முகபாவத்தை அவையும் காட்டின. சுவைப்பது அப்படியே இருந்தது. வேண்டும் என்ற உந்துதல்தான் போயிருந்தது. ஜான் சலமோன் செய்த சோதனைகள் இதை இன்னும் துல்லியமாக்கின. ஒரு வழியில் குறைந்த உணவு, எளிதில் கிடைக்கும். இன்னொரு வழியில் நிறைய உணவு, ஆனால் ஒரு தடுப்பின் மேல் ஏறிக் கடக்க வேண்டும். இயல்பான எலிகள் ஏறிப் போயின. டோபமைன் குறைக்கப்பட்டவை எளிய வழியோடு நின்றுகொண்டன. தடுப்பு இல்லாதபோது அவையும் அதிக உணவையே நாடின. விருப்பம் மாறவில்லை, அதற்காகப் பாடுபடும் மனம் மாறியது.

எலிகளை விட்டு மனிதர்களைப் பார்க்கலாம், அதுவும் நீங்கள் கேட்டதுபோல் ஆரோக்கியமானவர்களை. டோபமைன் செய்யப்படுவது டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து. டைரோசினும் அதன் முன்பொருளும் இல்லாத, மற்ற அமினோ அமிலங்கள் நிறைந்த ஒரு பானத்தைக் குடிக்கவைத்தால் சில மணி நேரத்துக்கு மூளையில் டோபமைன் உற்பத்தி குறையும். ஆரோக்கியமானவர்களிடம் இதைப் பலமுறை செய்து பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்களின் மனநிலை சரியவில்லை. யாரும் துயரத்தில் ஆழவில்லை. ஆனால் சில சோதனைகளில், பரிசுக்காகத் தொடர்ந்து உழைக்கும் முனைப்பு குறைந்தது. டோபமைன் குறைந்தால் சோகம் வரும் என்ற எளிய சமன்பாடு இங்கேயே உடைகிறது. டி2 ஏற்பிகளை மருந்தால் வலுவாக அடைத்தால் நிலைமை மாறுகிறது. ஹாலோபெரிடால் போன்ற மருந்து ஒருவேளை கொடுக்கப்பட்ட ஆரோக்கியமானவர்கள் மந்தத்தையும் அக்கறையின்மையையும், சிலர் இருப்புக்கொள்ளாத உடல்தவிப்பையும் விவரித்திருக்கிறார்கள். எல்லாம் தட்டையாகிப்போன உணர்வு அது. அழுகைக்கும் அதற்கும் நிறைய தூரம்.

அப்படியானால் மகிழ்ச்சியோடு டோபமைனுக்குத் தொடர்பே இல்லையா? இருக்கிறது, எதிர்பார்ப்பின் வழியாக. உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் 1990-களில் குரங்குகளின் டோபமைன் அணுக்களைக் கேட்டுக்கொண்டே அவற்றுக்குப் பழச்சாறு கொடுத்தார். எதிர்பாராமல் சாறு வந்தபோது அணுக்கள் துடித்தன. விளக்கெரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்டதும் துடிப்பு விளக்குக்கு நகர்ந்துவிட்டது. சாற்றுக்குத் துடிப்பே இல்லை. விளக்கெரிந்தும் சாறு வராதபோது, சரியாக வந்திருக்க வேண்டிய நேரத்தில் அணுக்கள் அடங்கிப்போயின. அவை சொல்வது ‘கிடைத்தது’ என்றல்ல, ‘நினைத்ததைவிட அதிகம் கிடைத்தது, குறைவாகக் கிடைத்தது’ என்ற கணக்கை. நரம்பியலில் எனக்குத் தெரிந்த அழகான கண்டுபிடிப்புகளில் இது ஒன்று.

இதே கணக்கு மனிதரின் கண நேர மகிழ்ச்சியிலும் தெரிகிறது. ராப் ரட்லெட்ஜும் சக ஆய்வாளர்களும் 2014-இல் கைபேசி விளையாட்டு ஒன்றின் மூலம் 18,420 பேரிடம் திரட்டிய தரவில், ஒருவர் மொத்தம் எவ்வளவு வென்றார் என்பதைவிட, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசமே அந்தக் கணத்து மகிழ்ச்சியை நன்றாக விளக்கியது. அடுத்த ஆண்டு, ஆரோக்கியமானவர்களுக்கு எல்-டோபா கொடுத்துப் பார்த்தார்கள். வெல்ல வாய்ப்பிருக்கும் இடங்களில் துணிந்து பந்தயம் கட்டுவது கூடியது. சில பரிசுகள் தந்த மகிழ்ச்சியும் கூடியது. நாள் முழுவதும் நிலைக்கும் ஆனந்தம் எதையும் அது உண்டாக்கிவிடவில்லை.

சுவைப்பது வேறு, வேண்டுவது வேறு என்ற பெரிட்ஜின் பிரிப்பு மனிதரிடம் எப்போதும் இவ்வளவு தெளிவாக விழுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2019-இல் நடந்த ஓர் ஆய்வில் 27 பேர் வெவ்வேறு நாள்களில் எல்-டோபாவும், டோபமைனைத் தடுக்கும் மருந்தும், வெறும் மாத்திரையும் எடுத்துக்கொண்டு இசை கேட்டார்கள். எல்-டோபா இசையின் இன்பத்தைக் கூட்டியது. தடுப்பு மருந்து குறைத்தது. இசையின்பம் அடுத்து வரப்போகும் சுரத்தை எதிர்நோக்கியிருப்பதிலேயே பாதி அடங்கியிருப்பதால் இப்படி நேர்கிறது என்பது என் கருத்து. நாக்கில் விழும் இனிப்புக்கு எதிர்நோக்கு தேவையில்லை, இசைக்குத் தேவை.

உங்கள் கேள்வியில் ‘நாட்டம் வருவதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘துக்கமாக இருக்கிறது’ என்று எழுதவில்லை. டோபமைன் பொறுப்பேற்கும் பகுதி இருக்குமானால் அது முதலாவதுதான். ஆனால் ஒரு செயலுக்குப் பாடுபடலாமா என்று மூளை போடும் கணக்கில் தூக்கக்குறைவும், காய்ச்சலுக்குப் பிந்தைய சோர்வும், பலனே தெரியாத வேலையும் கூட நுழைகின்றன. டோபமைன் அந்தக் கணக்கு எழுதப்படும் மொழிகளில் ஒன்று. நாட்டம் குறைந்திருப்பதை வைத்து டோபமைன் செய்யும் அணுக்களில் பழுது என்று முடிவுகட்ட முடியாது.

கவனத்தின் கதை இன்னும் நுட்பமானது. ‘ஏற்று, ஏற்று’ என்னும் அறிவுரை மிகத் தவறாகிப்போவதும் இங்கேதான்.

1979-இல் பட்ரீசியா கோல்ட்மன்-ராகிக் உள்ளிட்ட குழு, குரங்குகளின் முன்புறணியில் டோபமைனை மட்டும் வற்றச்செய்தது. சில விநாடிகளுக்கு முன் பார்த்ததை மனத்தில் வைத்துக்கொண்டு செயல்படும் திறன், அதாவது செயல்நினைவு, அந்தப் பகுதியையே அறுத்து எடுத்தால் எவ்வளவு கெடுமோ ஏறக்குறைய அவ்வளவு கெட்டது. எல்-டோபா கொடுத்ததும் மீண்டது. ஒரு பத்தியைப் படித்து முடிக்கும்வரை அதன் முதல் வாக்கியம் மனத்தில் நிற்பது இந்தத் திறனால்தான். ஆகவே டோபமைன் போதாவிட்டால் கவனம் சிதறும் என்பது உண்மை. ஆனால் அடுத்து வந்த ஆய்வுகள் மறுபாதியையும் காட்டின. முன்புறணியில் டி1 ஏற்பிகள் அளவாகத் தூண்டப்பட்டால் நினைவைத் தாங்கும் அணுக்கள் தேவையானதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற இரைச்சலை அடக்குகின்றன. தூண்டல் அளவு மீறினால் தேவையானதையும் சேர்த்து அடக்கிவிடுகின்றன. வரைந்து பார்த்தால் கவிழ்த்துவைத்த ‘ப’ போல் ஏறி இறங்கும் வளைவு. மன அழுத்தத்தின்போது முன்புறணியில் டோபமைனும் நோரட்ரீனலின் என்ற இன்னொரு நரம்பு இரசாயனமும் பெருகுகின்றன. தேர்வு அறையில் நன்கு படித்த விடை மறந்துபோகிறதே, அந்த நேரத்தில் குறைவு எதுவும் இல்லை, மிகுதிதான் இருக்கிறது. கவனத்தில் நோரட்ரீனலினின் பங்கு டோபமைனுக்குச் சற்றும் குறைந்ததல்ல; அதன் பெயர் மட்டும் ஊரறியாமல் போய்விட்டது.

இந்த வளைவில் ஒவ்வொருவரும் நிற்கும் இடம் வேறு. டி2 ஏற்பிகளைத் தூண்டும் புரோமோகிரிப்டின் என்ற மருந்தை ஆரோக்கியமான இளைஞர்களுக்குக் கொடுத்தபோது, செயல்நினைவு குறைவாக இருந்தவர்கள் மேம்பட்டார்கள். நன்றாக இருந்தவர்கள் தடுமாறினார்கள். முன்புறணியில் டோபமைனைச் சிதைக்கும் காம்ட் என்ற நொதி சிலரிடம் வேகமாகவும் சிலரிடம் மெதுவாகவும் இயங்குகிறது. இது மரபணுவில் பிறப்பிலேயே வரும் வேறுபாடு. டோபமைனைக் கூட்டும் ஊக்கமருந்தான ஆம்ஃபெட்டமின் கொடுத்துச் சோதித்தபோது, வேகமாகச் சிதைப்பவர்களுக்கு அது உதவியது. மெதுவாகச் சிதைப்பவர்களுக்குக் கடினமான பணியில் திறன் சரிந்தது. ஒரே மாத்திரை, எதிரெதிர் விளைவு. இதைப் படித்துவிட்டு மரபணுப் பரிசோதனைக்கு ஓடவேண்டாம். பெரிய தொகுப்பாய்வுகளில், இந்த ஒற்றை மரபணுவைக் கொண்டு ஒருவரின் அறிவுத்திறனைக் கணிப்பது ஏறத்தாழ இயலாது என்றே தெரிந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கவனம் என்பது ஒரே திறன் அன்று. பிடித்ததை விடாமல் பிடித்திருப்பது ஒரு திறன். புதியது வந்தால் அதற்குத் தாவுவது இன்னொன்று. முன்புறணியின் டோபமைன் முதலாவதற்கு அதிகம் துணைநிற்கிறது, ஸ்ட்ரையாட்டத்தின் டோபமைன் இரண்டாவதற்கு. நெதர்லாந்தின் ரோஷன் கூல்ஸ் இந்த இழுபறியைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றை விட்டுக்கொடுக்க நேரலாம். ‘கவனத்தை அதிகரிக்கும்’ என்று எதையாவது விற்பவரிடம் எந்தக் கவனத்தை என்று கேட்டுப் பாருங்கள்.

கவனக்குறைபாட்டு நோய்க்கு மருத்துவர்கள் தரும் மெதில்ஃபெனிடேட்டை, நோயில்லாத மாணவர்கள் தேர்வுக்காக விழுங்கும் பழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. அதனால் இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்ட்ரையாட்டத்தின் ஒரு பகுதியில் டோபமைன் உற்பத்தி குறைவாக இருந்த ஆரோக்கியமானவர்கள் கடினமான மனவேலையைத் தவிர்க்க முனைந்தார்கள். மருந்து எடுத்ததும் அவர்களே அந்த வேலையைத் தேர்ந்தெடுத்தார்கள். பலன் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தது, சிரமம் சிறிதாகத் தெரிந்தது. சலமோனின் எலிகளும் தடுப்பும் நினைவுக்கு வருகின்றன அல்லவா? அந்த மருந்து செய்வது அறிவைக் கூர்மையாக்குவது என்பதைவிட, உழைக்கலாம் என்ற எண்ணத்தைக் கூட்டுவது என்றே நான் புரிந்துகொள்கிறேன். 2023-இல் வந்த மற்றோர் ஆய்வு இதற்கு வலுச் சேர்க்கிறது. மெதில்ஃபெனிடேட் உள்ளிட்ட மூன்று மருந்துகளை ஆரோக்கியமான 40 பேருக்கு மாற்றி மாற்றிக் கொடுத்து, சிக்கலான கணக்குப் புதிர்களைத் தீர்க்கச் சொன்னார்கள். மருந்தின் பிடியில் அவர்கள் அதிக நேரம் செலவிட்டார்கள், அதிக முயற்சிகள் செய்தார்கள். ஆனால் ஒவ்வொரு முயற்சியின் தரமும் தாழ்ந்தது. மருந்தில்லாதபோது சராசரிக்கு மேல் நின்றவர்கள் மருந்தோடு சராசரிக்குக் கீழே இறங்கும் போக்கும் தெரிந்தது. தாம் சிறப்பாகப் படித்ததாக அந்த மாணவர்கள் உறுதியாக நம்புவது ஏன் என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. உழைத்தோம் என்ற உணர்வு உண்மை. விளைச்சல் வேறு கணக்கு. நோய் உள்ளவர்களுக்கு இந்த மருந்துகள் தரும் நன்மையை இது மறுக்கவில்லை.

சரி, மருந்தில்லாமல் என்னென்ன செய்யலாம் என்று உலவும் ஆலோசனைகள்? டைரோசின் மாத்திரை: போதுமான புரதம் உண்பவரின் மூளையில் டைரோசினை மாற்றும் நொதி ஏற்கெனவே நிறைந்த நிலையில்தான் வேலை செய்கிறது; மேலும் டைரோசின் கொடுத்தாலும் டோபமைன் பெரிதாகக் கூடுவதில்லை. கடுங்குளிர், தூக்கமின்மை போன்ற அழுத்தத்தில் இருப்பவர்களுக்குக் குறுகிய நேரம் சிறிது உதவியதாகச் சான்று உண்டு. சாதாரண நாளில் மனத்தைத் தூக்கிவிடும் என்பதற்கு இல்லை. டோபமைன் உண்ணாநோன்பு: திரையையும் தின்பண்டத்தையும் ஒரு நாள் தள்ளிவைப்பதால் கெடுதல் இல்லை, பழக்கத்தை உடைக்க அது உதவவும் கூடும். ஆனால் டோபமைன் அதனால் சேமிக்கப்படுவதில்லை. அது இல்லாமல் நீங்கள் கையைத் தூக்கக்கூட முடியாது. உடற்பயிற்சி: அதன் நன்மையில் எனக்குத் துளியும் ஐயமில்லை. ஆனால் 2000-இல், ஓடுபொறியில் அரை மணி நேரம் ஓடிய ஆரோக்கியமானவர்களைப் பெட் ஸ்கேனில் பார்த்தபோது ஸ்ட்ரையாட்டத்தின் டோபமைனில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. ஓடி முடித்தபின் மனம் இலேசாவதற்கு டோபமைனைச் சாட்சிக்கு அழைக்கத் தேவையில்லை.

தூக்கத்தின் சான்று வேறு தரத்தில் இருக்கிறது. நோரா வோல்கோவின் குழு ஆரோக்கியமானவர்களை ஓர் இரவு முழுக்கத் தூங்கவிடாமல் வைத்து ஸ்கேன் செய்தது. 2008-இலும் 2012-இலும் வந்த முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தால், ஒரே இரவில் டி2 ஏற்பிகள் குறைவாகக் கிடைப்பதாக ஆகிவிடுகிறது, விழிப்பும் மங்குகிறது. டோபமைன் இருந்தும் அதைக் கேட்கும் செவிகள் குறைகின்றன. வயதோடும் இந்த ஏற்பிகள் மெல்லக் குறைகின்றன, பத்தாண்டுக்கு 10 சதவீதம் வரை. அதை நம்மால் தடுக்க இயலாது. தூக்கத்தை நம்மால் திருத்த முடியும். காபி அந்த ஏற்பிகளைத் தற்காலிகமாக அதிகம் கிடைக்கச்செய்கிறது என்பதும் ஸ்கேனில் தெரிந்திருக்கிறது. மாலையில் குடித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டால் மறுநாள் தொடக்கத்துக்கே வந்துவிடுவீர்கள்.

உங்கள் நிலையில் நான் முதலில் பார்ப்பது, இந்தச் சில வாரங்களில் நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதை. நாட்டமின்மை பெரும்பாலான நாள்களில், நாளின் பெரும்பகுதியில், இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். துக்கம் இல்லாமலும் மனச்சோர்வு நோய் இப்படித் தலைகாட்டக்கூடும்; ஆகவே ‘எனக்குச் சோகம் இல்லையே’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவர் டோபமைனை அளக்க மாட்டார். இரத்தசோகை இருக்கிறதா, தைராய்டு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். தூக்கத்தைப் பற்றிக் கேட்பார். நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். வாந்திக்கும் செரிமானக் கோளாறுக்கும் தரப்படும் மெட்டோகுளோப்ரமைடு மூளைக்குள் நுழைந்து டி2 ஏற்பிகளை அடைக்கும் மருந்து. அதை நாள்கணக்கில் எடுப்பவர்களிடம் சோர்வும் தவிப்பும் மனத்தாழ்வும் வருவது அறியப்பட்ட பக்கவிளைவு. டோபமைன் உண்மையாகவே தடைப்பட்டு நாட்டம் குன்றுவது, மற்றபடி ஆரோக்கியமான ஒருவரிடம் நிகழ்கிறது என்றால், பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு மருந்தால்தான் நிகழ்கிறது. அதை மருத்துவரிடம் சொன்னால், மூளைக்குள் அதிகம் நுழையாத வேறொன்றை அவரால் மாற்றித் தர முடியும்.